குளம்பு நோய் கண்டு தேறிய குதிரைக்கு ஏற்ற காய்ந்த புல்: திண்டுக்கல் சமவெளித் தீவனங்கள் பற்றிய ஓர் ஆய்வு

குதிரையின் குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளிச்சுவரோடு பிணைத்து வைப்பவை சில நூறு மெல்லிய திசுத் தகடுகள். குதிரையின் முழுப் பாரமும் இந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. தகடுகள் அழற்சி கண்டு பிடி தளர்வதே லாமினைட்டிஸ். நோய் முற்றினால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி உள்ளங்குளம்பை அழுத்தும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு, திரும்பவே தயங்கி நிற்கும் குதிரையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த நிலை மறக்காது. கிராமங்களில் குளம்பு நோய் என்றதும் கோமாரிதான் நினைவுக்கு வரும். அது பிளவுபட்ட குளம்புள்ள மாடு, ஆடு, பன்றிகளைத் தாக்குவது, குதிரைக்கு வராது. ஈரமும் சாணியும் சேர்ந்த தரையால் வரும் குளம்பழுகலும், ஆணி குத்திச் சீழ் பிடிப்பதும் குதிரைக்கு உண்டு. ஆனால் அவை கொட்டிலையும் லாடத்தையும் சார்ந்தவை. தீவனத்தோடு நேரடித் தொடர்புள்ள குளம்பு நோய் பெரும்பாலும் லாமினைட்டிஸே என்பதால் இக்கட்டுரை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஒருமுறை இந்நோய் கண்ட குதிரைக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். எந்தப் புல் என்று கேட்கும் முன், முதலில் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். காரணங்கள் மூன்று வகை. ஒரு காலில் எலும்பு முறிந்து, மறுகால் மாதக்கணக்கில் தனியே பாரம் தாங்கியதால் வருவது ஒன்று. 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை, அதே மாதம் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் முறிந்து, பின்பு மற்றக் கால்களில் லாமினைட்டிஸ் வந்ததால் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டது. இரண்டாவது, உடலுக்குள் பரவும் நஞ்சால் வருவது. தானிய மூட்டையை அவிழ்த்து வயிறு புடைக்கத் தின்றுவிட்ட குதிரைக்கும், நஞ்சுக்கொடி விழாமல் கருப்பை அழுகிய பெண் குதிரைக்கும் இவ்வாறு வரும். மூன்றாவதே பெரும்பான்மை. இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறி நிற்பதால் வருவது இது. உடல் பருத்த மட்டக்குதிரைகளிடமும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதான வயதான குதிரைகளிடமும் இது மிகுதி. நலமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை மட்டும் தொடர்ந்து செலுத்தி லாமினைட்டிஸை உண்டாக்க முடியும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனை காட்டியது. சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்த தீவனத்தின் மேல் இருந்த பழைய சந்தேகத்துக்கு அதன்பின் உறுதியான அடிப்படை கிடைத்தது.

முதல் இரண்டு வகையில் மூலக்காரணம் தீர்ந்துவிட்டால் தீவனக் கட்டுப்பாடு ஓரளவு தளரலாம். மூன்றாம் வகையில் கட்டுப்பாடு ஆயுளுக்கும் உண்டு. பிடரியில் கெட்டியான கொழுப்பு மேடு, வால் வேரின் இருபுறமும் கொழுப்புத் திட்டு, குளம்புச் சுவரில் முன்பக்கம் நெருங்கியும் குதிப்பக்கம் விலகியும் ஓடும் வளையங்கள் ஆகியவை இவ்வகையைக் காட்டிக்கொடுக்கும். இரத்தத்தில் இன்சுலின் அளவைப் பார்த்தால் உறுதியாகும்.

இத்தகைய குதிரைக்கு நீரில் கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து, ஈரம் நீக்கிய எடையில் நூற்றுக்கு 10 பங்குக்கும் குறைவாக உள்ள காய்ந்த புல்லே நல்லது என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எல்லை. சிலர் 12 வரை ஒப்புவர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்படும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே வருகின்றன. அவற்றை அப்படியே எடுத்துத் திண்டுக்கல் சமவெளியில் வைத்தால் பாதிதான் பொருந்தும்.

காரணம் புல்லின் குலம். குளிர்நாட்டுப் புற்களான ரை, திமோத்தி போன்றவை மிஞ்சிய சர்க்கரையை ஃபிரக்டான் என்ற வடிவில் தண்டில் சேர்த்து வைக்கும். குளிர் இரவுகளில் அது ஏறிக்கொண்டே போகும். அருகு, கொழுக்கட்டை, கினியா, நேப்பியர், சோளம், மக்காச்சோளம் முதலிய வெப்பநாட்டுப் புற்கள் ஃபிரக்டானைச் சேர்ப்பதில்லை. மிச்சத்தை இலையில் மாவுச்சத்தாக வைக்கின்றன. அதற்கு இடம் குறைவு என்பதால் ஓர் அளவோடு நின்றுவிடும். நிலக்கோட்டை வட்டத்தில், வத்தலக்குண்டை ஒட்டிய பேரூராட்சியான சேவுகம்பட்டியைச் சுற்றிக் கிடைக்கும் புல் எல்லாம் இந்தக் குலமே. அங்கிருந்து காட்ரோடு வழியாக மலை ஏறிச் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்குப் போனால் கதை மாறும். மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். குளிர்நாட்டுப் புற்களும் வளரும். ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் மட்டக்குதிரைக்கு மலையில் மேய்ச்சலும், கீழிருந்து ஏற்றிவந்த வைக்கோலும் ஒரே தீவனம் ஆகிவிடாது. ஒரே மாவட்டம் என்றாலும் சர்க்கரைக் கணக்கில் இரண்டும் இரண்டு நாடுகள்.

சமவெளியில் முதலில் கைக்கு வருவது நெல் வைக்கோல். ஆத்தூர், நிலக்கோட்டைப் பகுதிகளில் வாய்க்கால் பாசன வயல்களில் அறுவடை முடிந்ததும் இயந்திரம் சுருட்டிய உருளைக் கட்டுகள் வரப்போரம் கிடக்கும். விலை குறைவு, சர்க்கரையும் பெரும்பாலும் குறைவு. நோய் கண்ட குதிரைக்கு வைக்கோலை மட்டும் போட்டால் போதும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது. பருத்த குதிரை இளைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு மட்டுமே. சாம்பல் 15-க்கு மேல் போகும். அதில் பெரும்பகுதி மணற்சத்தான சிலிக்கா. சுண்ணாம்பும் துத்தநாகமும் செம்பும் போதாது. மாட்டின் நான்கறை வயிறு இதை அசைபோட்டுத் தீர்க்கும். குதிரைக்கு அசைபோடுதல் கிடையாது. நார் செரிப்பது பெருங்குடலில். வைக்கோல் மட்டும் தின்று தண்ணீர் குறைவாகக் குடித்த குதிரைக்குக் குடல் அடைத்து வயிற்றுவலி வருவது வழக்கம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். மேல் ஓரம் முதல் தரை வரை புதிய சுவர் இறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். நோய் தேறிய குதிரை அந்த ஓராண்டும் தன் குளம்பை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கந்தகம் கொண்ட புரதக்கூறுகளும் துத்தநாகமும் செம்பும் பயோட்டினும் வேண்டும். சர்க்கரைக்குப் பயந்து வெறும் வைக்கோலில் விடப்பட்ட குதிரையின் குளம்பு நொறுங்கிக் கொட்டினால், குறையை நோயின் மேல் போடுவது நியாயமாகாது. நல்ல புல்லோடு கலந்து, மொத்தத்தில் கால்பங்கு அளவுக்குள் வைக்கோல் சேர்ப்பதே ஏற்றது.

சோளத்தட்டை இப்பகுதியின் வானம் பார்த்த நிலங்களில் மாட்டுக்கு முதன்மைத் தீவனம். குதிரைக்கு இதில் இரண்டு சிக்கல்கள். பச்சைச் சோளநாற்றில் உள்ள சயனைடு நஞ்சு, வாட்டம் கண்ட இளம்பயிரில் மிகுந்திருக்கும். நன்றாகக் காய்ந்தால் இது பெரும்பாலும் நீங்கும். பச்சைச் சோளத்தையே நாள்தோறும் மேயும் குதிரைகளுக்குப் பின்கால் தள்ளாட்டமும் சிறுநீர்ப்பை அழற்சியும் வருவதாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவுகள் உள்ளன. இரண்டாவது சிக்கல் காய்ந்த பிறகும் போகாது. தண்டில் இனிப்பு நிற்கும். கதிரோடு அறுத்த தட்டையில் மணியின் மாவுச்சத்தும் சேரும். மாடு விரும்பிக் கடிக்கும் இனிப்புத் தட்டை, இன்சுலின் ஏறிய குதிரைக்கு ஆகாது. மக்காச்சோளத் தட்டையில் பூஞ்சை ஆபத்து இன்னும் கடுமை. ஃபியூசேரியம் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே உருக்கிவிடும். மாட்டுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லாததால், மாட்டுக்கொட்டிலில் மிஞ்சியதைக் குதிரைக்குப் போடும் பழக்கத்தில் இதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

நேப்பியர் ஒட்டுப்புல், அதாவது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, கோ 5 வகைகள், பால்மாடு வளர்ப்பவர்களிடம் எங்கும் உண்டு. அவை பச்சையாக நறுக்கிப் போடுவதற்கென்றே வந்தவை. கரும்பு போன்ற தடித்த தண்டு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த தீவனமாக இவற்றைத் தேடவேண்டிய அவசியம் இல்லை.

மெலிந்த தண்டும் மிகுந்த இலையும் உள்ள புற்களே உலர்த்தத் தோதானவை. அவ்வகையில் முதலிடம் அருகுக்கே. ஆங்கிலேயர் காலத்தில் குதிரை வைத்திருந்த வீடுகளில் குதிரைக்காரரோடு புல்வெட்டி ஒருவரும் வேலைக்கு இருப்பார். நாள்தோறும் அருகைக் கொத்திக் கட்டாகக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. வேரோடு செதுக்கிய புல்லில் மண் ஒட்டியிருக்கும். அதை அடித்து, அலசி, உலர்த்தாமல் போட்டால் செம்மண் பெருங்குடலில் படிந்து வயிற்றுவலி தரும். அருகின் காய்ந்த புல்லில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து சுமார் 10 முதல் 16 பங்கு வரை இருக்கக்கூடும். அருகு என்ற பெயரை மட்டும் நம்பிப் பயமின்றி வாங்க முடியாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. வரப்போரத்தில் சுட்டெரிக்கும் வெயிலில், தண்ணீர் இல்லாமல் வாடிய அருகும், தென்னந்தோப்பு நிழலில் வளர்ந்த அருகும் ஒன்றல்ல. நிழலில் வளர்ந்ததில் சர்க்கரை குறைவு. வத்தலக்குண்டு, அய்யம்பாளையம், சித்தையன்கோட்டைப் பகுதிகளில் தென்னை மிகுதி என்பதால் தோப்புப் புல்லைக் கேட்டு வாங்குவது இங்கே எளிது. தோப்புகளில் ஊடுபயிராகப் போடும் கினியாப்புல்லும் அப்படியே, அதற்குப் பின்னால் சொல்லப்போகும் ஒரு குறை இருந்தாலும்.

கொழுக்கட்டைப்புல் வறட்சிக்கு அஞ்சாதது. காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன கொரங்காடு மேய்ச்சல் நிலங்கள் திருப்பூர், கரூர் மாவட்டங்களிலிருந்து திண்டுக்கல்லின் வடமேற்கு வரை நீள்கின்றன. முள்கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்ததே கொரங்காடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பூட்டை விடும் தறுவாயில் அறுத்து உலர்த்தினால் குதிரை விரும்பித் தின்னும், சர்க்கரை மிதமான காய்ந்த புல் கிடைக்கும். வெள்வேல நெற்றும் சீமைக்கருவேல நெற்றும் அதில் கலந்து வரக்கூடாது. இரண்டும் இனிப்பு மிகுந்தவை. ஆட்டுக்கு அமுதமான அந்த நெற்றுகள் இந்தக் குதிரைக்கு நஞ்சுக்குச் சமம்.

வெப்பநாட்டுப் புல்லின் குறை சர்க்கரையில் இல்லை, ஆக்சலேட்டில் இருக்கிறது. கொழுக்கட்டை, கினியா, நேப்பியர், கிக்குயு ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி, அருகில் குறைவு. ஆக்சலேட் புல்லில் உள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்துக்கு எடுக்கும். முகவெலும்பு வீங்கும், கால் இடம் மாறி நொண்டும். 1970-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், இறக்குமதி செய்த வெப்பநாட்டுப் புல்வெளிகளில் மேய்ந்த குதிரைகளிடம் இது பரவலாகக் கண்டறியப்பட்டது. சுண்ணாம்புச் சத்தின் அளவு ஆக்சலேட்டின் அளவில் பாதிக்கும் கீழே இருந்தால் ஆபத்து என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. குளம்பு நோயால் ஏற்கெனவே நொண்டிய குதிரை மறுபடி நொண்டினால் எல்லோரும் குளம்பையே பார்ப்பார்கள்; எலும்பு கரைவது கண்ணுக்குத் தப்பும். திண்டுக்கல் போன்ற பகுதியில் சர்க்கரைக்கு அடுத்ததாக அல்ல, அதற்குச் சமமாகவே இந்தக் கேள்வியை வைக்க வேண்டும்.

குயின்ஸ்லாந்தில் சொல்லும் தீர்வு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் கொண்ட தாதுப்பொடியைக் கரும்புப்பாகில் குழைத்துக் கொடுப்பது. பொடியைக் குதிரை தானாகத் தின்னாது என்பதால் பாகு. லாமினைட்டிஸ் கண்ட குதிரைக்கு அந்தப் பாகுதான் ஆகாது. இங்கே அதற்கு மாற்று, குதிரைமசால். காய்ந்த குதிரைமசாலில் சுண்ணாம்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பங்கு, புரதம் 18 பங்கு அளவில் உண்டு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுண்ணாம்பு 12 கிராம். முக்கால் கிலோ காய்ந்த குதிரைமசால் அதில் பெரும்பகுதியைத் தரும். தாதுப்பொடியை நறுக்கிய ஈரக் குதிரைமசாலில் பிசைந்து கொடுத்தால் பாகு தேவைப்படாது. குதிரைமசாலையே முழுத் தீவனமாக்கினால் உடல் பருக்கும்; சில குதிரைகளுக்குக் குளம்பும் சூடாகும். வேலிமசாலும் இந்த இடத்தில் உதவும். சவுண்டல் எனப்படும் சூபாபுல் இலை உதவாது. அதில் உள்ள மிமோசின் குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துக் குளம்பையும் கெடுக்கும். ஆட்டுக்கு ஒடித்துப் போடும் கிளையைக் குதிரைக்கு எட்டும் இடத்தில் வைப்பதே தவறு. கடலைக்கொடியில் சுண்ணாம்பு உண்டு. பிடுங்கியபோது ஒட்டிய மண்ணும், மழையில் நனைந்தால் பிடிக்கும் பூஞ்சையும் அதன் நன்மையைக் கெடுத்துவிடுகின்றன.

எந்தப் புல் என்பதைக் காட்டிலும் எப்போது அறுத்த புல் என்பது பல நேரம் முக்கியமாகிறது. பகல் முழுதும் வெயிலில் சேர்த்த சர்க்கரையை இரவில் புல் தன் மூச்சுக்குச் செலவழிக்கும். மாலையில் சர்க்கரை உச்சம், விடியலில் குறைவு. பனி உலர்ந்ததும் காலையில் அறுப்பதே நல்லது. கதிர் பால் பிடிக்கும் முன் அறுத்தால் மணியின் மாவுச்சத்து இராது. மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. அப்போது உலர்த்த முயல்வது வீண். தை பிறந்ததும் வெயில் நிற்கும், தரையும் காயும். அறுத்த புல்லை ஒரு நாள் பரப்பி, மறுநாள் புரட்டி, ஈரம் 15 பங்குக்குக் கீழே வந்தபின் கட்டவேண்டும். படப்பு போடுகிறவர் கையாளும் சோதனையே போதும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கினால் நான்கைந்து முறுக்கில் தண்டு படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. நகத்தால் கணுவைக் கீறிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணுதான் கடைசியில் காயும்.

கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. வெளிப்பக்கம் வெளுத்திருப்பது வெயிலின் வேலை. உள்ளே இளம்பச்சை நிற்க வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடு தட்டக்கூடாது. வெள்ளைத் துணியின் மேல் உதறினால் சாம்பல் நிறத் தூள் கொட்டும் கட்டு பூஞ்சை கண்டது. முகர்ந்தால் புளித்த வாடையோ புகையிலை வாடையோ வரக்கூடாது. பார்த்தீனியம், உன்னிச்செடி, கிலுகிலுப்பை கலந்திருக்கிறதா என்று தேட வேண்டும். உன்னியும் கிலுகிலுப்பையும் காய்ந்த பிறகும் கல்லீரலைக் கெடுக்கும். நெல்லுக்கு முன் பசுந்தாளாக விதைக்கும் சணப்பையும் கிலுகிலுப்பைக் குடும்பமே. அதன் விதை குதிரைக்கு ஆகாது.

நிறத்தையும் மணத்தையும் வைத்துப் பூஞ்சையைக் கண்டுபிடிக்கலாம். சர்க்கரையைக் கண்டுபிடிக்க முடியாது. வெளுத்துப்போன காய்ந்த புல்லில் சத்து இல்லை, ஆகவே சர்க்கரையும் இல்லை என்று நினைப்பது பரவலான பிழை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்குகிறது. வழக்கமான அறிக்கையில் புரதம், நார், சாம்பல் ஆகியவை வரும். கரையும் சர்க்கரை, மாவுச்சத்து, சுண்ணாம்பு, ஆக்சலேட் ஆகியவற்றைத் தனியே கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து கட்டுகளின் உள்ளிருந்து பிடி பிடியாக எடுத்துக் கலந்த மாதிரியே நம்பத் தக்கது. ஓராண்டுக்கு வேண்டியதை ஒரே வயலில், ஒரே அறுப்பில் வாங்கிவிட்டால் ஒரு சோதனையோடு வேலை முடியும்.

சோதனைக்கு வழி இல்லாதபோது ஊறவைத்தல் கைகொடுக்கும். புல்லைத் தண்ணீரில் முழுதும் அமிழ்த்தி ஒரு மணி நேரம் வைத்து வடித்துவிட்டால் கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு என்பது புல்லுக்குப் புல் பெரிதும் மாறும். மாவுச்சத்து தண்ணீரில் கரையாது என்பதால் வெப்பநாட்டுப் புல்லில் இதன் பலன் ஐரோப்பியப் புல்லைவிடக் குறைவு. அங்கே இரவு முழுதும் ஊறவைப்பார்கள். சித்திரை வெயிலில் சேவுகம்பட்டியில் அப்படிச் செய்தால் தொட்டித் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம், வடித்ததும் போட்டுவிட வேண்டும். ஊறிய தண்ணீரைக் குதிரை குடிக்க விடக்கூடாது. சர்க்கரையோடு தாது உப்புகளும் கழுவிப் போவதால் தாதுக்கலவை கட்டாயம்.

அளவு, ஈரம் நீக்கிய எடையில் உடல் எடையின் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ காய்ந்த புல். கொழுக்கட்டை அல்லது தோப்பு அருகு 3 கிலோ, வைக்கோல் ஒன்றேகால் கிலோ, குதிரைமசால் முக்கால் கிலோ என்று பிரிக்கலாம். இளைக்க வேண்டிய குதிரைக்குச் சற்றுக் குறைக்கலாமே தவிர, ஒரு பங்குக்குக் கீழே இறக்கக்கூடாது. பருத்த குதிரையைப் பட்டினி போட்டால் உடல் கொழுப்பு இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைத்து உயிரையே கொல்லும். சிறு கண்ணி வலையில் கட்டி நான்கு வேளையாகப் பிரித்தால் மெதுவாகத் தின்னும்.

நல்ல புல்லைத் தேடிப் பிடித்த பின்னும், கூட என்ன போகிறது என்பதில் கணக்கு கெடும். அவித்த கொள்ளும் தவிடும் இந்நாட்டுக் குதிரையின் வழக்கமான உணவு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இந்தக் குதிரையிடம் செல்லாது. அவித்த கொள்ளின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்து இன்சுலினை ஏற்றும். தவிட்டில் மாவுச்சத்தோடு பாஸ்பரசும் மிகுதி. ஆக்சலேட் கெடுத்த சுண்ணாம்புச் சமநிலையை அது இன்னும் சாய்க்கும். சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதத்தில் வாழைப்பழம் சூறைவிடும் வழக்கம் உண்டு. அத்தகைய நாட்களில் பிரியத்தோடு நீட்டும் கனிந்த பழங்கள் ஒரு வாரப் பத்தியத்தைக் கெடுக்கப் போதுமானவை. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்குகிறவர், விற்பவர் சந்தைக்கு முன் பளபளப்புக்காகக் கொடுத்த தானியத்தின் அளவையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கொழுகொழுவென்ற உடலும் குளம்பில் விலகி ஓடும் வளையமும் சேர்ந்த குதிரைக்கு, வாங்கிய அன்றே தானியத்தை நிறுத்தி இந்தப் பத்தியத்தைத் தொடங்கலாம்.

புல்லை மாற்றுவது மட்டும் படிப்படியாக நடக்க வேண்டும். பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் மூன்று நாள் கால்பங்கு, பின் அரைப்பங்கு, பின் முக்கால் பங்கு என்று ஏற்றுவது வழக்கம். மாற்றிய ஆறு வாரத்தில் இன்சுலினை மறுபடி பார்த்தால் பத்தியத்தின் பலன் தெரியும். பிட்யூட்டரி பழுதான வயதான குதிரைக்கு மட்டும் புல் போதாது; பெர்கோலைடு மருந்து வேண்டும். மற்றக் குதிரைகளில் குளம்பின் மேல் ஓரத்திலிருந்து இறங்கும் புதிய வளர்ச்சி மூன்று நான்கு மாதங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்திருக்கும். அது பழைய சுவரைவிட நேராகவும் வளையம் இல்லாமலும் இறங்கினால் தேர்ந்தெடுத்த புல்லையே தொடரலாம். புதிய வளையம் தோன்றினால், அது தொடங்கிய மாதத்தில் எந்தக் கட்டு பிரிக்கப்பட்டது, கூடவே என்ன கொடுக்கப்பட்டது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.